எழுதாமல் அழித்த தடம்

காட்டிலாகாவில் புதிதாகச் சேரும் இளவட்டங்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, காட்டுல பேய் பாத்திருக்கீங்களா?" மான் எத்தனை இருந்தது, மழை எப்படிப் பெய்தது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் சளைக்காமல் ஒரு கதை சொல்லுவேன். சுனைக்கரை மணலில் தினமும் ஒரு பெண்ணின் காலடி விழும். திரும்பிப் போன தடம் இருக்காது. வைத்த வெல்லம் காணாமல் போகும். உச்சிவெயிலில் பாறைக்குள்ளிருந்து அழுகுரல் கேட்கும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பேன். கேட்டவர்களும் கையில் நின்ற மயிரைத் தடவிக்கொண்டே எழுந்து போவார்கள்.

அது பாதிக் கதை. மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமாக வாய் வரவில்லை. போன மாதம் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்தக் காடு, எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காடு, அவ்வளவுதான். ஏன் மறைக்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் காட்டுக் காவலுக்குக் கார்டாகச் சேர்ந்தேன். சமஸ்தானத்துக் காடு என்றால் மலைநாட்டுக் காடு போல நினைத்துவிடக் கூடாது. செம்பாறையும் செம்மண்ணும், ஆள் உயரத்துக்குக் காரை, சூரை, களா என்று முட்புதர்கள் பின்னிக் கிடக்கும், நடுநடுவே வீரை, பாலை, உசிலை மரங்கள். யானை கிடையாது, புலி கிடையாது. "நாலு முயலக் காக்கவா ஒங்களுக்குக் காக்கிச் சட்டை?" என்று என் மாமனார் ஆவுடையார்கோவிலிலிருந்து வரும்போதெல்லாம் கேலி செய்வார். அவர் புள்ளிமானைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அரண்மனை வேட்டைக்கு ஒதுக்கிய காடு. ஒரு மான் குறைந்தாலும் கார்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் ஆறு மாதம் சித்தன்னவாசல் பக்கம் ஒரு பழைய கார்டோடு சுற்றினேன். சருகு நொறுங்காமல் நடப்பதற்கும் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்பதற்கும் பழகினேன். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் சொல்லும் காட்டுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலே ரேஞ்சர் மாசிலாமணி. கீழே வாச்சர் பொன்னன்.

ரேஞ்சர் மாசிலாமணி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள். தண்ணீர்க்கரைக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். "நம்ம தடமும் சேந்து விழுந்தா அதையும் படிக்கணும்யா, வீண் வேலை" என்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை ஈர்க்குச்சி இருக்கும். அதில் நூலால் நாலைந்து முடிச்சுப் போட்டிருப்பார். மான் குளம்பிலிருந்து மனிதக் கால் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். அவருடைய விசாரணையும் ஒரே மாதிரிதான். முதலில், "என்ன பாத்தே?" நாம் சொல்லி முடித்ததும் ஈர்க்குச்சியைப் பைக்குள் செருகுவார். பிறகு, "எதப் பாக்கலை?" இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லோரும் விழிப்போம். நேற்று வரை வந்த நரி இன்று வரவில்லை என்றால் அதுவும் அவருக்கு வேண்டும்.

காட்டின் நடுவே ஒரு பெரிய பாறை. அதன் அடியில் கோடையிலும் வற்றாத சுனை. மாசி பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து மிருகங்களுக்கெல்லாம் அந்த ஒரு தண்ணீர்தான். சுனையின் முன்பக்கத்தில் பிறை வடிவத்தில் ஆற்று மணல் கொட்டிப் பரப்பியிருந்தோம். பின்பக்கம் வெறும் பாறை, அப்படியே மேலே ஏறிப் போகும். சாயங்காலம் நொச்சிக் கிளையால் மணலைத் துடைத்துப் பாய் விரித்தது போல ஆக்கிவிட்டு வர வேண்டும். மறுநாள் காலையில் வெயில் உயர்வதற்குள் போக வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடத்தின் விளிம்பு நிழல் கட்டும். தடத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சூரியன் என்று குந்தி உட்கார வேண்டும். பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், புத்தகத்தில் எழுத வேண்டும், கடைசியில் அழிக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. "எழுதாம அழிக்காதே. அழிச்சதத் திரும்பப் படிக்க முடியாது" என்று அவர் சொல்லாத வாரம் இல்லை.

இனி பங்குனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் காடு ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும். பங்குனியில் கட்டுப்படாது. விடியற்காலையில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு மூட்டம் எழும்பும். அதற்குள் நிற்கும் மான்களுக்குக் கழுத்தும் தலையும் மட்டும்தான் தெரியும். கால் இல்லாத தலைகள் நம்மையே பார்த்துக்கொண்டு நகரும். ஒன்பது மணிக்கு மூட்டம் போன இடம் தெரியாது. பதினோரு மணிக்குப் பாறையில் கை வைக்க முடியாது. உச்சியில் காற்றே இல்லாத வெட்டவெளியில் திடீரென்று ஒரு சூறைக்காற்று எழுந்து, சருகைத் தூணாகத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்துவிட்டு, அப்படியே விழுந்துவிடும். சில நாள் மாலையில் மேற்கே கருத்து, இந்த மரத்தில் மழை பெய்யும், அடுத்த மரத்தில் பெய்யாது. மயில் அகவ வேண்டிய நேரத்தில் அகவாது. தேவாங்கு ஒன்று பட்டப்பகலில் கிளையில் உட்கார்ந்து, அந்த உருண்டைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததை ஒரு பங்குனியில் பார்த்திருக்கிறேன். ஏன் வெளியே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் எழுதினேன்.

யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு வருடம். பங்குனி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் சுனைக்குப் போனேன். மணலில் மான் தடம், முள்ளம்பன்றி முள் இழுத்த கோடு, அதற்கு நடுவில் ஒரு மனிதக் கால். வெறுங்கால். சின்னது, பெண் கால். வலது சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகிப் பதிந்திருந்தது. மணலின் ஓரத்திலிருந்து நேராகத் தண்ணீர் வரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

சுனையில் இறங்கிக் கம்பால் துழாவினேன். இடுப்பளவு தண்ணீர்தான், ஒன்றும் இல்லை. மேலே பார்த்தேன், பாறை சும்மா இருந்தது. அந்த வேளையில் ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை.

பொன்னனிடம் சொன்னேன். அவன் என்னைவிட மூத்தவன், அந்தப் பக்கத்திலேயே பிறந்தவன். கேட்டதும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கன்னிமார்ங்க. பங்குனியில சுனைக்குக் குளிக்க வருவாக. தண்ணிக்குள்ள போற தடம் இருக்கும், வெளிய வார தடம் இருக்காது."

"இதப் புஸ்தகத்துல எழுதணுமேய்யா?"

"ஆத்தாடி! வாயாலகூடச் சொல்லக் கூடாதுங்க. மிதிக்கவும் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டு அழிச்சிடுங்க. வெல்லம், பொரி, ஒரு துண்டு மஞ்ச வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

எட்டாவது வரை படித்தவன் நான். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்றுதான் ஊரில் பேசிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் காலையில் அதே கால், அதே விலகிய சுண்டுவிரல், அதே மாதிரி போன தடம் மட்டும். என் படிப்பு அந்த மணலோடு சரி. கையெடுத்துக் கும்பிட்டேன். நொச்சிக் கிளையால் அழித்தேன். ஓரத்துக் கல்லில் ஓர் இலை விரித்து வெல்லமும் பொரியும் மஞ்சளும் வைத்தேன். புத்தகத்தில், "மான் ஏழு, முள்ளம்பன்றி ஒன்று" என்று எழுதினேன்.

அதற்கு மறுநாள் வெல்லம் இல்லை. பொரியில் ஒன்றுகூடச் சிந்தியிருக்கவில்லை. நரி தின்றிருந்தால் இலையைக் கிழித்திருக்கும். குரங்காக இருந்தால் பாதியை இறைத்திருக்கும். இலை மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து வாழைப்பழமும் சேர்த்து வைத்தேன். பக்தி ஒன்றும் இல்லை, பயம்தான்.

இதை நான் எப்படிச் செய்தேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஏனென்றால் பயத்தோடு பயமாக அந்தத் தடத்தை நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பழகின கண் சும்மா இருக்காது. குதிகால் நாளுக்கு நாள் ஆழமாக அழுந்திக்கொண்டே வந்தது. எட்டு வைக்கும் தூரம் குறுகிக்கொண்டே வந்தது. இரண்டு காலும் அகன்று விழுந்தன. ஏழாம் நாள் தண்ணீர் ஓரத்தில் இரண்டு உள்ளங்கை பதிந்திருந்தது, பத்து விரலும் மணலுக்குள் புதையும்படி. அங்கே யாரோ கை ஊன்றி வெகுநேரம் இருந்திருக்கிறார்கள். அதையும் கும்பிட்டு அழித்தேன். வாரம் ஒரு தடவை வரும் ரேஞ்சர் அன்று வந்திருந்தார். புத்தகத்தைப் புரட்டினார்.

"என்ன பாத்தே?"

"மானுங்க, முள்ளம்பன்றிங்க."

புத்தகத்தை மூடினார். "எதப் பாக்கலை?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

எட்டாம் நாள் காலை மணல் வெறுமனே இருந்தது. வெல்லமும் பழமும் வைத்தது வைத்தபடி எறும்பு மொய்த்துக் கிடந்தன. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். ஒன்பதாம் நாள் உச்சிவேளையில் சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாலைமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஆடாமல் நின்றது. அப்போது பாறைக்குள்ளிருந்து ஓர் அழுகை வந்தது. மெல்லிய, விட்டுவிட்டு வந்த, பூனைக்குட்டியின் குரல் போன்ற அழுகை. காட்டுப்பூனை குட்டி போட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காட்டுப்பூனைக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து நடந்தேன்; பத்து அடிக்கு மேல் அதை நடை என்று சொல்ல முடியாது.

பத்தாம் நாள் தடம் திரும்ப வந்தது. அதே சுண்டுவிரல். ஆனால் லேசாக, மணலைத் தொட்டும் தொடாமலும், இழுத்து இழுத்து வைத்த கால். மூன்று நாள் முன்னால் அவ்வளவு அழுந்திய கால் அதற்குள் இப்படிக் கனம் இழக்குமா? பொன்னன் சொன்னது சத்தியம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். கனம் ஏன் குறைந்தது என்று அரை நிமிடம் யோசித்திருந்தால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை.

பதினொன்றாம் நாள் பிற்பகல் வானம் மாறியது. காலையிலேயே எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியதைப் பார்த்தேன். மூன்று மணி வாக்கில் காற்று நின்றது. ஆட்காட்டி, கவுதாரி எல்லாம் வாயை மூடிக்கொண்டன. மேற்கிலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து காடு முழுவதும் படிந்தது. என் கையைப் பார்த்தேன், காமாலைக்காரன் கை மாதிரி இருந்தது. மான் கூட்டம் ஒன்று என்னைக் கண்டும் ஓடாமல் என் பக்கத்திலேயே பாறைச் சரிவில் வந்து ஒண்டி நின்றது. அதைப் போல அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு குளிர்காற்று. அதன் பின்னாலேயே ஆலங்கட்டி.

எலுமிச்சங்காய் அளவுக் கட்டிகள். மரத்திலிருந்து கிளிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு சுனை ஓரமாக ஓடினேன். அந்த இரைச்சலுக்கு நடுவே மேலேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே!"

நின்றேன்.

"அண்ணே... இங்கிட்டு வாங்கண்ணே!"

பெண் குரல். பாறையின் உச்சியிலிருந்து வந்தது. கூப்பிட்டாலும் திரும்பாதே என்று பொன்னன் சொன்னது காதில் கேட்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டது. நான்காம் முறை அது கூப்பாடு இல்லை, கெஞ்சல். தெளிவாகக் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டே ஓடினேன். ஒரு மைல் தூரம் ஓடி, பொன்னன் இருந்த கொட்டகையில் போய் விழுந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ரேஞ்சர் சைக்கிளில் வந்துவிட்டார். ஆலங்கட்டியில் செத்த பறவைகளையும் மான்குட்டிகளையும் எண்ண வேண்டும் என்று நேராகச் சுனைக்கு நடந்தார். நானும் பொன்னனும் பின்னாலேயே போனோம். மூட்டம் கணுக்காலளவுதான் இருந்தது. மணல் முழுவதும் ஆலங்கட்டி விழுந்த குழி. அந்தக் குழிகளுக்கு மேலே அதே கால். தண்ணீருக்குப் போன தடம் மட்டுமல்ல; இத்தனை நாளில் முதல் தடவையாகத் திரும்பி வந்த தடமும் இருந்தது.

ரேஞ்சர் பூட்ஸைக் கழற்றினார். சூரியனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து ஈர்க்குச்சியை எடுத்தார். ஒரு தடம், இரண்டு தடம், மூன்று தடம் என்று அளந்துகொண்டே போனார். பிறகு திரும்பாமலேயே சொன்னார்:

"பொன்னா, நீ வடக்குப் பக்கம் போய்ச் செத்த பறவைய எண்ணு."

பொன்னன் அந்த இடத்தை விட்டால் போதும் என்று போனான்.

"மழைக்கு அப்புறம் வச்ச காலு. பொம்பள. எடது காலு அழுந்தியிருக்கு. எடது இடுப்புல எதையோ வச்சிருக்கா. இங்க முட்டி போட்டு உக்காந்திருக்கா. எதையோ கழுவியிருக்கா." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எத்தன நாளா?"

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "பதினோரு நாளாங்க."

"புஸ்தகத்துல?"

"எழுதலீங்க. திரும்பி வந்த தடம் இல்லீங்க, அதனால..."

"முன்னாடிதானேய்யா மணல் போட்டிருக்கோம்? தண்ணிப் பானையோட மணல்ல யாரு ஏறுவா? எறங்கயில சறுக்கும்னு முன்னாடி வந்திருப்பா, போகயில பின்னாடி பாறையில ஏறிப் போயிருப்பா. ஈரக்கால் வெயில்ல காஞ்சிருக்கும். இன்னிக்கி மழையில பாறை வழுக்கும், அதான் மணல் வழியாவே திரும்பிட்டா." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மணலைக் கொட்டிப் பரப்பியவனே நான்தான்.

பின்பக்கப் பாறை வழியாக ஏறினோம். மேலே இரண்டு பாறைகள் சாய்ந்து நின்ற ஓர் இடுக்கு, மேற்குப் பக்கம் திறந்திருந்தது. உள்ளே மழைத் தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. ஓர் உடைந்த பானை. ஈரச் சேலையோடு ஒரு பெண் பாறைச் சுவரில் சாய்ந்திருந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். தாலி இல்லை, பொட்டு இல்லை. உதடு நீலமாக இருந்தது. அவள் மடியில் துணியில் சுற்றிய குழந்தை. நன்றாகக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசியிருந்தது. அதற்கு உயிர் இல்லை.

ரேஞ்சர் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் சொந்தக்காரனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாண்ணே" என்றாள்.

பிறகு ரேஞ்சரிடம் மெல்லச் சொன்னாள்: "இந்த அண்ணனாலதாங்க இத்தன நாளு இருந்தேன். மேலேருந்து பாப்பேன். தெனம் என் காலடிய ஒருத்தரும் பாத்துறக் கூடாதுன்னு அழிச்சிட்டுப் போவாக. போகயில கையெடுத்துக் கும்பிடுவாக, நான் இருக்கேன், பயப்படாதேன்னு சொல்ற மாதிரி. திங்க வச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக, எனக்கு வெக்கமா இருக்கும்னுட்டு. அவுக வச்ச மஞ்சளத்தாங்க ஒரசிப் பிள்ளைக்குப் பூசுனேன்."

பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து தண்ணி உள்ள வரவும் கூப்பிட்டேண்ணே. நாலு வாட்டி கூப்பிட்டேன்." அவளே அதற்குப் பதிலும் சொல்லிவிட்டாள்: "மழைச் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

ரேஞ்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டது என்று சொல்ல எனக்கு அந்த நேரம்தான் இருந்தது. சொல்லவில்லை.

பிறகு அவள் துண்டு துண்டாகச் சொன்னதை ஒன்று சேர்த்தால் இவ்வளவுதான். புருஷன் செத்துப் போய் இரண்டு வருடம். குளத்தூரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அதனால் யாரும் தேடவில்லை. காட்டில் பெற்றுவிட்டு, பிறகு அக்காளிடம் போய்க் காலில் விழலாம் என்று நினைத்திருக்கிறாள். யார், என்ன என்று அவள் சொல்லவில்லை, ரேஞ்சர் கேட்கவில்லை.

ஒரு வீரை மரத்தடியில் குழி தோண்டினேன். பெண் குழந்தை. பாதி மண் தள்ளிவிட்டு விலகி நின்றேன். ரேஞ்சர்தான் மீதியைத் தள்ளினார். அவருடைய மாட்டுவண்டியை வரவழைத்து, கூண்டை மூடி, வண்டிக்காரனிடம், காய்ச்சல் வந்த பெண் என்று சொல்லி, குளத்தூருக்கு அவரே கூடப் போனார். போவதற்கு முன் சுனைக்கரையில் நின்றார். மணலில் அவள் வந்து போன தடம் அப்படியே இருந்தது. நான் புத்தகத்தை எடுத்தேன்.

"வேணாம்" என்றார். "இன்னிக்கி எழுதாம அழி."

அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். என் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அவள் வெளியே வந்துவிடுவாள். ஒரு வாரம் கழித்து வந்தபோது அவரிடம் அழுதுவிட்டேன். அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னா ஒன் பாரம் எறங்கும். எறங்குன பாரம் எங்க போகும்னு யோசிச்சியா?" என்றார். "தனக்கு ஒருத்தன் இருந்தான்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா. அவகிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கப் போறியா?"

சரி என்றும் பட்டது, தப்பு என்றும் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான். அவர் சொன்னதற்காக நான் சும்மா இருந்தேனா, இல்லை, எனக்கு வசதியாக இருந்ததால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேனா என்று நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. வேட்டைக்காடு ரிசர்வ் காடாயிற்று. பின்னால் அந்தப் பக்கமெல்லாம் தைலமரம் வந்தது. எனக்குக் குளத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தபோது அவள் தன் அக்காள் பிள்ளைகளோடு என்னைப் பார்க்க வந்தாள். "இவுகதான் எங்க அண்ணன், காட்டுல வேல பாக்குறவுக" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு நான் மாமா. ஆண்டு தவறாமல் பங்குனியில் ஒரு நாள் வருவாள். வெல்லம், பொரி, வாழைப்பழம் கொண்டுவந்து வைப்பாள். காரணம் சொல்ல மாட்டாள். என் மனைவி, "என்ன பழக்கமோ" என்று உள்ளே எடுத்துப் போவாள். அந்த வெல்லத்தை ஒரு வருடமும் நான் வாயில் வைத்ததில்லை. மேற்கே கருத்துக் காற்று நின்றால் இன்றும் நான் வெளியே நிற்க மாட்டேன். ஆலங்கட்டிக்குப் பயந்து இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு குரல் கேட்கும். நாலு தடவை கேட்கும்.

போன மாதம் ஆள் வந்து சொன்னான், அவள் போய்விட்டாள் என்று. போனேன். எடுப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவன் ஒருவனும் இல்லை. அக்காள் மகன் என் கையைப் பிடித்து, "நீங்கதான் மாமா போடணும். சின்னம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்கு" என்றான். புதுச்சேலையைக் கையில் கொடுத்தார்கள். போர்த்தும்போது அவள் வலது கால் தெரிந்தது, சுண்டுவிரல் தனியாக விலகி. அந்தக் கூட்டத்தில் அந்தக் காலை என்னைப் போல் அறிந்தவர் யாரும் இல்லை. ஓவென்று அழுதேன். தங்கச்சிக்காக அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதில் நான் அவள் பெயரை எழுதவில்லை. ஊரை எழுதவில்லை. வருடத்தையும் காட்டையும் எழுதவில்லை. ரேஞ்சர், பொன்னன் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவளுக்கு எத்தனை உறவு, அக்காள் எந்த ஊர் என்பதில்கூட ஒன்றிரண்டை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் அவளிடம் போய்ச் சேர முடியாது. நான் செய்வதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த வேலையை, பயமில்லாமல், தெரிந்தே, யாரும் சொல்லாமல், அவளுக்காக நான் செய்தது இந்த ஒரு தடவைதான்.